வாளியின் இடத்தில் பூங்கொத்து

மண்டப வாசலில் கட்டியிருந்த பதாகையில், இறந்துபோன அந்த அம்மாள் பூங்கொத்தைப் பிடித்திருந்த விதம் சரியாக இல்லை. பூங்கொத்தை யாரும் அப்படிப் பிடிப்பதில்லை. வலது தோள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. முழங்கை வளையாமல் நேராக இறங்கியிருந்தது. நான்கு விரல்களும் மடங்கி, கனமான எதையோ தூக்கிக்கொண்டிருந்தன. அந்தப் பிடியிலிருந்து இளஞ்சிவப்பு ரோஜாக்கள் தரையைப் பார்த்துத் தொங்கின. முகத்தை வேறு வெளுக்க வைத்து, கண்ணுக்குக் கீழிருந்த கருவளையத்தை வழித்து எடுத்திருந்தார்கள்.

கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"கையில வாளி இருந்துச்சு மேடம். அவங்க நல்லா நிக்கிற படம் இது ஒண்ணுதான் கிடைச்சுது. டிசைன் பண்றவர் வாளியை எடுத்துட்டுப் பூவை வச்சுட்டாரு. விழாவுல போய் வாளி நல்லாவா இருக்கும்?"

ஒன்பது கிராமங்களிலும் அவரை வாளியக்கா என்றுதான் சொல்வார்கள். தபால் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் பேருந்து ஏறி ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போவார். ஞாயிறு இரவு திரும்புவார். நாற்பது வருடம் இப்படி. சம்பளம் கிடையாது, பயணப்படி கிடையாது. அவர் தொடங்கிய இளைஞர் சங்கங்களில் பிள்ளைகள் நாற்றுப் பண்ணை போட்டார்கள், கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தார்கள், மேடையேறிப் பேசப் பழகினார்கள். அவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. ஒன்பது சங்கங்களின் கூட்டமைப்பு நினைவு மாநாடு நடத்துகிறது, அரைப் பக்கம் எழுதிக் கொடு என்று எங்கள் வார இதழின் ஆசிரியர் அனுப்பியிருந்தார். "படம் பெரிசா இருக்கட்டும், எழுத்து சின்னதா இருக்கட்டும்" என்றும் சொல்லியிருந்தார்.

இரண்டரை மணி நேரப் பேருந்துப் பயணம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் தேவைப்பட்டது கழிப்பறைதான்.

அது மண்டபத்தின் பின்பக்கம் இருந்தது. கதவுக்கு மேல் பளிங்குக் கல்லில், இந்தக் கட்டடத்தைக் கட்டித் தந்த காண்ட்ராக்டரின் பெயரும் பட்டங்களும் செதுக்கி, எழுத்துக்குப் பொன்னிறம் பூசியிருந்தது. கதவைத் தள்ளினேன். உள்ளே போகவில்லை. தரையில் கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. தண்ணீர் என்று சொல்வது மரியாதைக்காக. வடிகால் துளை ஒரு மூலையில் இருந்தது, தரையோ எதிர்ப்பக்கம் வாசலை நோக்கிச் சரிந்திருந்தது. ஆகவே உள்ளே நடந்ததெல்லாம் வாசலுக்கு வந்து நின்றது. மூன்று அறைகளில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இன்னொன்றின் பீங்கான் தொட்டி விளிம்புவரை நிறைந்து, அதன்மேல் யாரோ செய்தித்தாளைப் போட்டு மூடியிருந்தார்கள். மூன்றாவது அறைச் சுவரில், ஆள் உயரத்தில் ஒரு கறை. அது எப்படி அந்த உயரத்துக்குப் போனது என்று நான் யோசிக்க விரும்பவில்லை. குழாயைத் திருகினால் காற்று மட்டும் வந்தது. வாசனைக்காகச் சன்னலில் வைத்திருந்த ஊதா நிற உருண்டை அந்த நாற்றத்தோடு கலந்து, அதை இன்னும் மோசமாக்கிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன்.

பின்னால் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. புறப்படும் அவசரத்தில் கழற்ற மறந்திருக்க வேண்டும்.

"போகலையா?" என்றார்.

"போற மாதிரி இல்லையே."

"ம். என் பிள்ளைங்களும் அப்படித்தான் திரும்பி வந்தாங்க." சொல்லிவிட்டு என் கையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்தார். "பத்திரிகையா? அப்ப இதையும் எழுதிக்குங்க. மண்டபத்தை வாடகைக்கு எடுக்கும்போது சுத்தம் பண்ண ஆள் வச்சிருக்கோம்னு சொன்னாங்க. ஆள் இருக்காராம். யாரும் பாத்ததில்ல."

அவர் ஒன்பது கிராமங்களில் கடைசியாக இருக்கும் கிராமத்தின் சங்கப் பொறுப்பாளர், தொழில் தையல். பதினெட்டுப் பெண் பிள்ளைகளையும், ஓட்டு இல்லாத ஒரு ஒன்பது வயதுப் பொடிசையும் வேன் பிடித்துக் கூட்டிவந்திருந்தார். ஏன் இவ்வளவு பேர் என்று கேட்டேன். மூன்று மணிக்கு ஓட்டு இருக்கிறது என்றார்.

அதன் விவரம் இதுதான். சங்கங்களின் விதிப் புத்தகத்தில் முதல் விதியாக வாளியக்கா எழுதி வைத்தது: ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால், சங்கத்தின் தலைவர் அந்த இடத்தின் கழிப்பறையைத் தம் கையால் கழுவ வேண்டும். வயதில் எல்லாருக்கும் இளைய உறுப்பினர் போய்ப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். சரி இல்லை என்றால் தலைவர் மறுபடி கழுவ வேண்டும். இன்று மூன்று மணிக்கு அந்த விதியை எடுத்துவிட்டு, 'ஆள் வைத்துச் சுத்தம் செய்யப்படும்' என்று மாற்றப் போகிறார்கள். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பழைய, புதிய உறுப்பினர்கள் எல்லாருக்கும் ஓட்டு உண்டு.

"விதி எப்படி வந்துச்சு தெரியுமா?" என்றார் தையல்காரர். "முதல் சங்கம் ஆரம்பிச்சு ஆறு மாசத்துல பொண்ணுங்க எல்லாம் நின்னுட்டாங்களாம். அக்கா வீடு வீடா போயிருக்காங்க. பரீட்சைங்கிறாங்க, காய்ச்சல்ங்கிறாங்க. ஒரே ஒரு பொண்ணு மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கு. அங்க ஒதுங்க இடம் இல்லக்கா, காலையில இருந்து தண்ணி குடிக்காம வரணும், தலை சுத்துதுன்னு. அடுத்த வாரமே அக்கா விதியை எழுதிட்டாங்க. இந்த விதி போச்சுன்னா என் சங்கத்துல ஒரு பொண்ணு மிஞ்சாது. வேற எதுக்காகவும் நான் வரல. இந்தப் பொண்ணுங்க மூணு மணி வரைக்கும் உக்காந்திருக்கணும். அவ்வளவுதான்."

எனக்கு வழி கிடைத்தது, எதிர்த் தெருவில் ஒரு மருந்துக் கடைக்காரரின் மனைவி தயவில். பத்தொன்பது பேருக்கு அப்படி யார் தயவு காட்டுவார்கள்.

விழா தொடங்கியது. முதல் இரண்டு வரிசைகளில் உறை போட்ட நாற்காலிகள். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக மேடையேறி, தாங்கள் வாளியக்காவுக்கு எவ்வளவு நெருக்கம் என்று சொன்னார்கள். அவர் நோயில் கிடந்த மூன்று வருடத்தில் அவரைப் போய்ப் பார்த்தவர்கள் யார் என்பதை எனக்குத் தையல்காரர் ஏற்கெனவே விரல்விட்டு எண்ணிச் சொல்லியிருந்தார். அந்த விரல்களில் ஒன்றுகூட மேடையில் இல்லை. ஒருவர் 'தியாகச் சுடர்' என்றார். அடுத்தவர் அதைவிடப் பெரியதாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக 'தியாகச் சூரியன்' என்றார். பேசி முடித்து இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணாடிக் கேடயம். அதிலும் பூங்கொத்தோடு அதே படம்.

பளிங்குக் கல்லில் பெயர் இருந்த அந்தக் காண்ட்ராக்டர், கூட்டமைப்பின் புதிய தலைவராகப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஐம்பத்து மூன்று வயது. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, தடித்த கடிகாரம், பக்கத்தில் நின்றால் கண்ணை எரிக்கும் வாசனைத் திரவியம். அந்த மண்டபத்தில் அப்படி ஒன்றைப் பூசிக்கொள்ள அவருக்குக் காரணம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

பேச்சு என்னவோ நன்றாகத்தான் பேசினார்.

"பதினஞ்சு வயசுல நானும் எங்க ஊர் சங்கத்துத் தலைவரா இருந்தவன்தான். ஒரு நாள் கழுவிட்டு வந்து நிக்கிறேன். பாக்கப் போனது எட்டு வயசுப் பொண்ணு. போய்ட்டு வந்து, இன்னொரு தடவைன்னுச்சு. கழுவினேன். இன்னொரு தடவைன்னுச்சு. எத்தனை தடவை தெரியுமா? பதினோரு தடவை. கூட்டம் மொத்தமும் வெளிய நின்னு எண்ணுது. ஆறு, ஏழு, எட்டுன்னு. வாளியக்கா ஒரு வார்த்தை சொல்லணுமே. ம்ஹூம். நின்னு பாத்துக்கிட்டே இருக்காங்க. அந்தக் குட்டிப் பிசாசை நான் இன்னைக்கு வரைக்கும் மறக்கல."

மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் 'எட்டு' என்று சொன்னபோது அவர் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்ததை நான் முன்வரிசையிலிருந்து பார்த்தேன். முப்பத்தெட்டு வருடம் ஆகியும் அந்த எண்ணிக்கை அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது.

"அதெல்லாம் அந்தக் காலம். இன்னைக்குப் பிள்ளைங்களுக்குத் தன்மானம் வேணும். ஒரு ஆளை வச்சா அவருக்கும் வேலை கிடைச்ச மாதிரி ஆச்சு, நமக்கும் கௌரவம். அக்கா உயிரோட இருந்தா அக்காவே கையெழுத்துப் போட்டிருப்பாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். மண்டபத்தில் சிரிக்காமல் இருந்தது தையல்காரர் ஒருவர்தான். அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தார்.

மதியச் சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்தன. நான் பார்த்தது இதை: பையன்கள் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்தார்கள். எழுந்து போய் மண்டபத்தின் பக்கச் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குக் கழிப்பறை ஒரு பிரச்சினையே இல்லை. அந்தச் சுவரில்தான் வாளியக்காவின் வாசகம் ஒன்றைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். ஈரம் கடைசி வரி வரை ஏறியிருந்தது. பெண் பிள்ளைகளின் பாட்டில்களோ மூடி திறக்காமல் அப்படியே நின்றன. பாதிப் பேர் பொட்டலத்தையும் பிரிக்கவில்லை.

இரண்டு மணி ஆகும்முன் அவர்கள் கலையத் தொடங்கினார்கள். மேற்கு ஊர்ச் சங்கத்துப் பெண்கள் ஒன்பது பேர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். பஸ் நான்கு மணிக்கு. ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நடந்தாள். இன்னொரு சங்கத்திலிருந்து நான்கு பேர், சொல்லிக்கொள்ளாமலே போனார்கள். தன் பிள்ளைகளில் இருவர் கண் கலங்க, "அக்கா, வேன்ல போய் உக்காரட்டுமா?" என்று கேட்டபோது தையல்காரர் எழுந்தார்.

கூட்டமைப்பின் செயலாளர், ஓய்வு பெற்ற ஆசிரியர், நிகழ்ச்சித் தாளோடு ஓடி வந்தார். "எங்க கிளம்பிட்டீங்க? ரெண்டரைக்கு உங்க பேச்சு. விதியை ஆதரிச்சுப் பேசறது நீங்க ஒருத்தர்தான்."

"சார், பொண்ணுங்க போறாங்க. பாத்ரூம் அப்படி இருக்கு. யாரையாவது சொல்லிச் சுத்தம் பண்ணுங்க."

"ஆளு காலைல வந்துட்டுப் போயிட்டாராம்மா."

"யாரு பாத்தா?"

"அதை நான் போய்ப் பாக்க முடியுமா? லேடீஸ் டாய்லெட்." சொல்லும்போதே மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். நாங்கள் நின்ற இடத்தில் நாற்றமே இல்லை. "அஞ்சு நிமிஷம்தான் உங்களுக்கு. கூப்பிடும்போது இல்லன்னா போச்சு."

தையல்காரர் நாடாவைக் கழற்றிப் பொடிசின் கழுத்தில் போட்டார். வேனிலிருந்து ஒரு வாளி, ஒரு பிரஷ், ஒரு பாட்டில் பினாயில் வந்தன. எங்கே போனாலும் அவை கூடவே வரும் போலிருக்கிறது. புதுப் புடவையின் ஓரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தத் தண்ணீரில் கால் வைத்தார். அவர் முகத்திலும் அருவருப்பு இருந்தது, அதை அவர் மறைக்கவில்லை. ஒரு முறை வெளியே வந்து சுவரோரம் குமட்டிவிட்டுத் திரும்ப உள்ளே போனார்.

குழாயில் தண்ணீர் இல்லையே என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, மேடைப் பக்கமிருந்து மைக்செட்காரர் ஒரு நீளமான ரப்பர் குழாயைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்தார். நாற்பது வயது இருக்கும்.

"மாடித் தொட்டியில தண்ணி இருக்குக்கா. இந்தப் பக்கம் பைப்பையே இணைக்கல, அதான் வரல. நான் மேல இருந்து விடறேன்."

"உங்களுக்கு எதுக்குண்ணே இந்த வேலை?"

"நான் எங்க ஊர்ச் சங்கத்துல ரெண்டு வருஷம் தலைவரா இருந்தேன்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்பதுபோல மாடிப்படி ஏறினார்.

அவர் எழுந்து வந்துவிட்டதால் மேடையில் மைக் கீச்சிடத் தொடங்கியது. தியாகச் சூரியனைப் பற்றி மறுபடி பேசிக்கொண்டிருந்தவர் நடு நடுவே நின்று, "ஹலோ, ஹலோ" என்றார்.

நான் என்ன செய்தேன் என்றால், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று வாளி வாளியாக வெளியே இறைத்தேன். தரை வாசலை நோக்கிச் சரிந்திருந்ததால் அது ஒன்றுதான் வழி. காலில் பட்டதை இரண்டு நாள் கழித்தும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து தேய்க்கும் சத்தத்தோடு தையல்காரரின் குரல் வந்தது.

"அவர் சொன்ன குட்டிப் பிசாசு நான்தாங்க."

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"மூணாவது தடவையே சுத்தமாத்தான் இருந்துச்சு. வெள்ளையா, பளிச்சுனு. ஆனா நான் சொன்னா ஒரு பெரிய பையன் திரும்பிப் போறான், எல்லாரும் என்னையே பாக்கறாங்க. எனக்குப் பிடிச்சுப் போச்சு. அதான் பதினொண்ணு வரைக்கும் போனேன். எட்டு வயசு, என்ன தெரியும்னு நீங்க சொல்லலாம். எனக்கு நல்லாத் தெரியும்."

"வாளியக்காவுக்குத் தெரியுமா?"

"பதினாலு வயசுல நானே போய்ச் சொன்னேன். கேட்டுட்டு, அப்ப மிச்ச எட்டுத் தடவை உன்னோடதுன்னாங்க. எட்டு வாரம் நான் கழுவினேன். அன்னைக்கு அவங்களும் உள்ள போய்ப் பாத்திருக்கணும். பாக்கல. அது அவங்க தப்பு. அதையும் அவங்களே சொன்னாங்க. மூணாவது வாரத்துல இருந்து அவங்களும் கூட வந்து தேய்ச்சாங்க."

அப்போது ஒலிபெருக்கியில் செயலாளரின் குரல் அவருடைய கிராமத்தின் பெயரைச் சொல்லி அழைத்தது. இரண்டு முறை. மைக் கீச்சிட்டது. "பேச்சாளர் வராததால் அடுத்த நிகழ்ச்சிக்குச் செல்கிறோம்." தேய்க்கும் சத்தம் நிற்கவில்லை.

பத்து நிமிடம் கழித்துப் பொடிசு உள்ளே போனாள். கழுத்து நாடா முழங்காலில் இடிக்க, ஒவ்வோர் அறையாகக் குனிந்து பார்த்தாள். கதவின் பின்பக்கத்தையும் பார்த்தாள். வெளியே வந்து, "நடு ரூம் ஓரத்துல இன்னும் இருக்கு" என்றாள். தையல்காரர் மறுபடி போனார். அடுத்த முறை பொடிசு தலையாட்டினாள். பெண்கள் வரிசை மண்டபத்தின் பாதி வரை நீண்டது. வேனில் போய் உட்கார்ந்த இருவரும் இறங்கி வந்தார்கள். மேற்கு ஊர்ப் பெண்களைத் தேடி ஒருத்தி பஸ் நிறுத்தத்துக்கு ஓடி, நான்கு பேரைத் திரும்ப அழைத்து வந்தாள். மற்றவர்கள் வரவில்லை.

மூன்று மணிக்குச் செயலாளர் தீர்மானத்தைப் படித்தார். படித்து முடித்த வேகத்திலேயே, "அனைவரும் கைதட்டி நிறைவேற்றித் தருமாறு" என்று ஆரம்பித்தார். முதல் இரண்டு வரிசை கைதட்டியது.

"எண்ணணும் சார்."

தையல்காரர் பின்வாசலில் நின்றார். புடவை முழங்கால் வரை நனைந்து கறுத்திருந்தது. அவர் நடந்து வந்த வழியில் இருந்தவர்கள் நாற்காலியோடு விலகினார்கள். இரண்டாவது வரிசையில் ஒரு அம்மாள் வெளிப்படையாக மூக்கைப் பிடித்துக்கொண்டார். தியாகச் சுடர் என்று பேசியவர் அவர்தான்.

"உங்க நேரம் முடிஞ்சுதும்மா."

"பேச வரல. எண்ணச் சொல்றேன். விதி மாத்தணும்னா எழுந்து நிக்க வச்சு எண்ணணும்னு புத்தகத்துல இருக்கு."

காண்ட்ராக்டர் பெருந்தன்மையாகக் கையை அசைத்தார். "எண்ணிக்கட்டும் சார், என்ன இப்போ?" தோற்போம் என்று அவர் நினைத்திருக்கவில்லை. மதியம் அவரும்தான் பெண்கள் போவதைப் பார்த்திருந்தார்.

மாற்றலாம் என்று எழுந்து நின்றவர்கள் ஐம்பத்தெட்டுப் பேர். வேண்டாம் என்று எழுந்தவர்களைச் செயலாளர் இரண்டு முறை எண்ணினார். அறுபத்து மூன்று. அதில் முப்பத்தைந்து பேர் பெண்கள். மேடை ஓரத்திலிருந்த மைக்செட்காரரும் எழுந்து நின்றிருந்தார். காண்ட்ராக்டரின் சொந்த டிரைவரும் கதவருகே நின்றிருந்தார், சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு, தன் முதலாளியைப் பார்க்காமல்.

செயலாளர் எண்ணிக்கையை வாய்க்குள் படித்துவிட்டு, "அடுத்ததாகத் தேநீர்" என்றார்.

அப்படித்தான் முடிந்திருக்கும். விதி புத்தகத்தில் இருந்திருக்கும், தலைவர் காரில் ஏறியிருப்பார். பொடிசுக்கு மட்டும் அது தெரியவில்லை. அவள் சங்கத்தில், புதுத் தலைவர் வந்த நாளில் என்ன நடக்குமோ அதுதான் இங்கேயும் நடக்கும் என்று நினைத்தாள். இன்னும் ஏன் யாரும் செய்யவில்லை, மறந்துவிட்டார்களோ என்று அவளுக்குக் கவலையாகக்கூட இருந்திருக்கும். வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, பிரஷ்ஷும் பினாயில் பாட்டிலும் உள்ளே கடகடக்க, மேடைப்படி ஏறினாள். காண்ட்ராக்டருக்கு முன்னால் வாளியை வைத்தாள். அவர்கள் சங்கத்தில் சொல்லும் வாசகத்தைத் தெளிவாகச் சொன்னாள்.

"தலைவரே, இடம் காத்திருக்கு."

முதல் வரிசையில் யாரோ, "யார் வீட்டுப் பிள்ளை இது? மட்டு மரியாதை இல்லாம" என்றார்கள். மரியாதைக் குறைவாக அவள் எதையும் செய்யவில்லை. நிமிர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு பதவியேற்புக்கு உரிய முகத்தோடு நின்றாள்.

காண்ட்ராக்டர் அனுபவசாலி. புகைப்படக்காரர் எழுவதைப் பார்த்துவிட்டார். உடனே சிரித்தார், வாளியைத் தூக்கிக்கொண்டார், "வா பாப்பா, போவோம்" என்றார். மண்டபம் கைதட்டியது. சற்றுமுன் மூக்கைப் பிடித்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காலையில் அந்தக் கதவைத் திறந்தபோதுகூட எனக்கு இவ்வளவு அருவருப்பாக இல்லை.

பெண்கள் பக்கம் முடிந்துவிட்டதால் ஆண்கள் பக்கம்தான் மீதி. புகைப்படக்காரர் வாசலில் நின்று, பிரஷ்ஷோடு ஒன்று, வாளியோடு ஒன்று, பொடிசின் தலையில் கை வைத்து ஒன்று எடுத்தார். அதன் பிறகு அவரும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வேறு வேலை இருப்பதுபோல நகர்ந்துவிட்டார்.

காண்ட்ராக்டர் உள்ளே போனார். மூன்று நிமிடம். வெளியே வந்தபோது பினாயில் பாட்டில் காலியாக இருந்தது. பிரஷ் காய்ந்திருந்தது. அவர் கட்டிய தரை அவர் ஊற்றியதையெல்லாம் அவருடைய காலணிக்கே கொண்டுவந்து சேர்த்திருந்தது. பளபளத்த தோலின் மேல் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு கோடு.

"முடிஞ்சுது" என்று டிரைவரைப் பார்த்தார். "வண்டியை எடுப்பா."

பொடிசு உள்ளே போனாள். தையல்காரர் வாசலிலேயே நின்றார். பொடிசு வந்தாள்.

"இன்னொரு தடவை."

சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது. காண்ட்ராக்டரின் காது சிவந்தது. டிரைவரிடம் குரலைத் தாழ்த்தி, "நீ கொஞ்சம் போய் ஒரு தேய்ப்புத் தேய்ச்சிட்டு வந்துடு" என்றார்.

"நான் எங்க ஊர்ல என் முறையை முடிச்சிட்டேன் சார்" என்றார் டிரைவர். குரலில் மரியாதை குறையவில்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தையல்காரர் பொடிசின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆண்கள் கழிப்பறைக்குள் போனார். ஒரு நிமிடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். நானும் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். பினாயில் ஒரு வெள்ளைப் படலமாக மேலே மிதந்தது. அதற்கு அடியில் எல்லாம் அப்படியே இருந்தது.

அவர் வெளியே வந்தார். "பாப்பா சொன்னது சரிதாண்ணே. சுத்தமா இல்ல."

காண்ட்ராக்டர் அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தார். அந்த 'அண்ணே'வில் ஏதோ அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். அவரும் இவரும் ஒரே ஊரில் பிறந்தவர்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீயா அது?"

"நான்தான். அன்னைக்கு மூணாவது தடவையே சுத்தமா இருந்துச்சு. நான் பொய் சொன்னேன். அதுக்கு எட்டு வாரம் கழுவிட்டேன்."

முப்பத்தெட்டு வருடம் மேடை மேடையாகச் சிரித்துக்கொண்டே சொன்ன கதையை யாரோ கையிலிருந்து பிடுங்கிக்கொண்டதுபோல நின்றார். கொஞ்ச நேரம் அவர் மேல் எனக்குப் பரிதாபம்கூட வந்தது. அது நிலைக்கவில்லை, காற்று அந்தப் பக்கமிருந்து வீசியது.

"இன்னைக்கு?" என்றார்.

"இன்னைக்கு நிஜமாவே சுத்தமா இல்ல."

மண்டபத்திலிருந்து பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து நின்றுகொண்டிருந்தார்கள். கையில் தண்ணீர் பாட்டில்கள், மூடி திறந்து, பாதி குடித்தவை. யாரும் எண்ணவில்லை. சிரிக்கவும் இல்லை. மறுபடி மாடி ஏறியிருந்த மைக்செட்காரர் மேலிருந்து, "தண்ணி விடட்டுமா?" என்று கேட்டார்.

காண்ட்ராக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். அதை வாங்கிக்கொள்ள யாராவது கை நீட்டுவார்கள் என்று சுற்றிலும் பார்த்தார். செயலாளர் தேநீர் மேசைப் பக்கம் இருந்தார். டிரைவர் கையைப் பின்னால் கட்டியிருந்தார். பொடிசு பிரஷ்ஷை நீட்டிக்கொண்டிருந்தாள்.

கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காலணியைக் கழற்றக் குனிந்தார்.